கோட்டையில் பேசியது கடைவீதிக்கு வந்து சேர்ந்ததா?



2023-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், எடப்பாடி கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். கையில் பழுப்பேறிய உறை ஒன்று. உள்ளே பழைய வாட் வரிக் காலத்து நோட்டீஸ். வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். "கட்டிவிட வேண்டியதுதான் அண்ணே, போன வாரம்தான் வீட்டு வளையல் இரண்டை அடகு வைத்தேன்" என்றார்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பே, 2023 அக்டோபர் 10 அன்று, சட்டமன்றப் பேரவையில் 110-ஆவது விதியின் கீழ் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சமாதானத் திட்டத்தை அறிவித்திருந்தார். ஜி.எஸ்.டி.க்கு முந்தைய வரிச் சட்டங்களின்கீழ் ரூ.50,000-க்கு உட்பட்ட நிலுவை உள்ள சிறு வணிகர்களுக்கு அது முழுவதும் தள்ளுபடி. அதற்கான சட்டமும் அதே கூட்டத்தொடரில் நிறைவேறி, அக்டோபர் 16 முதல் திட்டம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அந்த நண்பருக்கு இது எதுவும் தெரியாது. நாளிதழ் வாங்குகிறவர்தான். ஆனால் வியாபார நேரத்தில் தலைப்பைப் பார்ப்பதோடு சரி.

அவரைக் கையோடு அழைத்துச் சென்று கணக்காளரிடம் விவரம் காட்டியதில், அவருடைய நிலுவை தள்ளுபடி வரம்புக்குள்ளேயே இருந்தது. வளையல் திரும்பி வந்தது. அடகு வட்டி சில நூறு ரூபாய் போயிற்று. அவர் தூங்காமல் கிடந்த இரவுகளை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இதற்கு யாரைக் குறை சொல்வது? சட்டம் போட்ட அரசையா? அரசு அறிவித்தது. பேரவையில் அமர்ந்திருந்த உறுப்பினர்களையா? அவர்களும் கேட்டார்கள். ஆனால் கோட்டையிலிருந்து கடைவீதிக்குச் செய்தியைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையை யாரும் தமது வேலையாகக் கொள்ளவில்லை. இக்கட்டுரையில் நாம் பேச இருப்பது அந்த விட்டுப்போன வேலையைப் பற்றித்தான்.

எடப்பாடி கண்ட உறுப்பினர்கள்

நமது தொகுதிக்கு அரசியல் புதிதல்ல. 1989-இலும் 1991-இலும் திரு. எடப்பாடி கே. பழனிசாமி இங்கே வென்றார். 1996, 2001 தேர்தல்களில் பாட்டாளி மக்கள் கட்சியின் திரு. ஐ. கணேசன் வென்றார். 2006-இல் அதே கட்சியின் திரு. வி. காவேரி. பின்னர் 2011, 2016, 2021 என மூன்று முறை மீண்டும் திரு. பழனிசாமி. அரசியலில் வளருமுன் அவர் வெல்ல வியாபாரம் செய்தவர் என்பது நம் வட்டாரம் அறிந்த செய்தி. 2017 பிப்ரவரி முதல் 2021 மே வரை அவர் மாநிலத்தின் முதலமைச்சர். அதன்பின் எதிர்க்கட்சித் தலைவரானார்.

நமது சங்கத்திற்குக் கட்சி கிடையாது. எல்லாக் கட்சிக்காரர்களும் நம் கடைக்கு வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே தராசில்தான் நிறுக்கிறோம். ஆகவே நாம் சொல்ல வருவது ஒருவரைப் புகழவோ இகழவோ அல்ல. ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். நம் கல்லாப்பெட்டியைத் தொட்ட பெரிய மாற்றங்கள் சில, நமது தொகுதி உறுப்பினரே முதலமைச்சராக இருந்த நாளில் வந்தவை. 2017 ஜூனில் தமிழ்நாடு சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் பேரவையில் நிறைவேறியது. 2018 ஜூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் நாளில், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வருகிறது என்று 110-ஆவது விதியின் கீழ் அவரே அறிவித்தார். 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது.

அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையில் ஏறத்தாழ ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதத்தில் நம்மவர்கள் எத்தனை பேர் இருப்பைக் குறைத்தோம்? பலர் டிசம்பர் கடைசியிலும் கேரி பேக் கட்டுக்கட்டாக வாங்கி அடுக்கினார்கள். "இதெல்லாம் நடக்காது, தள்ளிப் போட்டுவிடுவார்கள்" என்பது கடைவீதிப் பேச்சு. பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு அன்றைய அறிவிப்பில் விலக்கு இருந்தது. அது தெரியாமல் எண்ணெய் பாக்கெட்டை உள்ளே ஒளித்து வைத்தவர்களும் உண்டு! அபராதத் தொகைகளை வகுத்த சட்டத் திருத்தமும் 2019-இல் பேரவையில்தான் நிறைவேறியது. அதுவும் நமக்குத் தெரிந்தது, சோதனைக்கு வந்தவர் ரசீதுப் புத்தகத்தை நீட்டிய போதுதான்.

முதலமைச்சரின் தொகுதியிலேயே இந்த நிலை என்றால் மற்ற 233 தொகுதிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

வரியும் நம் மாவட்டமும்

சட்டமன்றத்திற்கும் நம் கடைக்கும் உள்ள உறவு பழையது. அதன் தொடக்கமே சேலம் மாவட்டத்தில் இருக்கிறது என்பது இன்றைய இளம் வணிகர் பலருக்குத் தெரியாது.

1937-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் பொறுப்பை ஏற்ற ராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவர். சேலம் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றியவர். 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். கள், சாராய வருமானம் நின்றது. அந்தப் பள்ளத்தை நிரப்ப வழி வேண்டும். 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே பொது விற்பனை வரியை முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான். நம் மாவட்டத்தில் கள்ளுக்கடை மூடியதற்கும், நம் மளிகைக் கடையில் வரிக் கணக்கு எழுத ஆரம்பித்ததற்கும் இப்படி ஒரு தொடர்பு.

அதன்பின் 1959-இல் புதிய பொது விற்பனை வரிச் சட்டம். 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரி. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. ஒவ்வொரு முறையும் சட்டம் பேரவையில் பிறந்தது. கணக்குப் புத்தகம் நம் கடையில் மாறியது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசுக்குச் சம்பளமில்லாமல் வரி வசூலித்துக் கொடுக்கிறவர்கள் நாம். சட்டம் மாறினால் அதை நேரே சொல்லும்படி கேட்க நமக்கு உரிமை இல்லையா?

"ஜி.எஸ்.டி. டெல்லி விஷயம், எம்.எல்.ஏ. என்ன செய்வார்?" என்று சிலர் கேட்பார்கள். பாதி சரி. வரி விகிதத்தை ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைக்கிறது. ஆனால் அம்மன்றத்தில் ஒவ்வொரு மாநிலத்தின் அமைச்சரும் உறுப்பினர். வாக்குகளில் ஒன்றிய அரசின் பங்கு மூன்றில் ஒன்று. மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. நான்கில் மூன்று பங்கு ஆதரவு இருந்தால்தான் முடிவு செல்லும். மேலும், மாநில ஜி.எஸ்.டி. சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் பேரவையில்தான் மசோதா கொண்டுவர வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவிகித அடுக்கு நீங்கி நெய், வெண்ணெய் 5 சதவிகிதத்திற்கு வந்தன. 18-இல் இருந்த பிஸ்கட், சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் ஆகியவையும் 5-க்கு இறங்கின. அந்த வாரம் பழைய விலை அச்சிட்ட இருப்பை என்ன விலைக்குக் கொடுப்பது என்று வாடிக்கையாளரோடு மல்லுக்கு நின்றவர்கள் நாம்தானே! அத்தகைய ஐயங்களை அமைச்சரின் காதில் போட வேண்டியவர் நம் உறுப்பினர். அவர் காதில் போட வேண்டியவர்கள் நாம்.

நாற்காலிச் சட்டம் சொல்லும் பாடம்

2021 செப்டம்பரில் பேரவையில் ஒரு சிறிய மசோதா நிறைவேறியது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் ஒரு புதிய பிரிவு. கடையில் வேலை செய்யும் அனைவருக்கும் உட்கார இருக்கை வசதி செய்துதர வேண்டும். நாள் முழுதும் நின்றபடியே வேலை வாங்கக் கூடாது. கேரளத்தில் 2018-இலேயே இது வந்துவிட்டது.

நல்ல சட்டம். காலையில் ஒன்பது மணிக்கு நின்ற பிள்ளை இரவு ஒன்பதுக்கும் நிற்பதை நாமே பார்க்கிறோம். ஒரு ஸ்டூல் வாங்கிப் போட நமக்கு மனமில்லையா? மனம் உண்டு. ஆனால் "இது ஜவுளிக்கடை, நகைக்கடைக்குத்தான், நமக்கல்ல" என்று நினைத்துக்கொண்டவர்கள் ஏராளம். சட்டத்தில் அப்படி எந்த வேறுபாடும் இல்லை. இந்த ஒரு வரியைத் தொகுதி அலுவலகத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சடித்து அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும்.

இன்னொரு உதாரணம். 2019-இல், பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசாணை வந்தது. இது அரசாணை, பேரவையில் நிறைவேறிய சட்டமல்ல. இந்த வித்தியாசம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டம் என்பது பேரவையில் நிறைவேறுவது. விதி என்பது அச்சட்டத்தின்கீழ் அரசு வகுப்பது. அரசாணை என்பது துறை பிறப்பிப்பது. 110-ஆவது விதியின்கீழ் வரும் அறிக்கைமீது பேரவையில் விவாதம் கிடையாது. அது அரசின் அறிவிப்பு மட்டுமே. அது செயலாக வேண்டுமானால் பின்னால் ஆணையோ சட்டமோ வர வேண்டும். "அறிவித்துவிட்டார்கள்" என்று மறுநாளே நம்பிக் கடனை வாங்குவதும் தவறு. "வெறும் அறிவிப்புதானே" என்று அசட்டையாக இருப்பதும் தவறு.

உள்ளூர்ச் செய்தியும் கடன் நோட்டும்

சட்டச் செய்தி ஒருபுறம் இருக்கட்டும். உள்ளூர்ப் பணிகளின் செய்தி நமக்கு அதைவிட அவசரம்.

மேட்டூர் அணையின் உபரிநீரைக் குழாய் வழியே கொண்டுவந்து 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டம், ரூ.565 கோடி மதிப்பில் 2020-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2021 பிப்ரவரியில் முதற்கட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி பகுதிகளுக்கான திட்டம் இது. இதில் மளிகைக் கடைக்காரருக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர் கடன் நோட்டைத் திறந்து பார்க்கட்டும். ஏரி நிரம்பினால் சுற்றுக் கிணறுகளில் தண்ணீர் ஊறும். கடலையும் பருத்தியும் விளையும். விளைந்தது கொங்கணாபுரம் கூட்டுறவு ஏலத்திற்குப் போகும். சனிச்சந்தையில் ஆடு விற்ற காசும் பருத்தி ஏலத்துப் பணமும் கைக்கு வந்தால்தான் நம் பழைய பாக்கி அடையும். எந்த ஏரிக்கு இந்த ஆண்டு தண்ணீர் வரும், எதற்கு வராது என்று ஆடியிலேயே தெரிந்தால், எந்த ஊர்க்காரருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்று நாம் ஒரு கணக்குப் போடலாம். தெரியாவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு எடை போடுவது மாதிரிதான்.

விசைத்தறிக் கூலியும் அப்படியே. தறி ஓடினால் வெள்ளி, சனியில் கடையில் கூட்டம். தறி நின்றால் நம் கடையில் தராசும் நிற்கும். மின்கட்டணம் பற்றிப் பேரவையில் ஒரு வார்த்தை பேசப்பட்டாலும் அது ஜலகண்டபுரத்திலும் நங்கவள்ளியிலும் உள்ள பெட்டிக்கடை வரைக்கும் எட்ட வேண்டிய செய்தி.

அடுத்து, தொகுதி மேம்பாட்டு நிதி. 1990-களின் பிற்பகுதியில் தமிழகத்தில் தொடங்கிய இத்திட்டத்தின்கீழ் ஒவ்வொரு உறுப்பினரும் தம் தொகுதிக்குரிய பணிகளைப் பரிந்துரைக்கிறார். அண்மை ஆண்டுகளில் இந்நிதி தொகுதிக்கு ஆண்டொன்றுக்கு 3 கோடி ரூபாய். கடைவீதிக்குச் சாக்கடை, சந்தைக்கு மேற்கூரை, பெண்களுக்குக் கழிப்பிடம் என்று கேட்க நமக்கு எத்தனையோ இருக்கின்றன. ஆனால் இந்த ஆண்டுப் பட்டியல் எப்போது போகிறது என்று தெரியாமல், பட்டியல் போன பிறகு மனு கொடுப்பதே நம் வழக்கமாகிவிட்டது. 2022 ஆகஸ்டில் 234 உறுப்பினர்களுக்கும் முதலமைச்சர் கடிதம் எழுதி, தொகுதியின் தலையாய பத்துத் தேவைகளை மாவட்ட ஆட்சியரிடம் 15 நாட்களுக்குள் தரும்படி கேட்டார். அந்தப் பதினைந்து நாளில் நம்மில் எத்தனை பேர் ஒரு கோரிக்கையாவது எழுதிக் கொடுத்தோம்? நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தம் தொகுதி மக்களுக்குத் தபால்தலை ஒட்டாமல், கையொப்பமிட்டே அலுவல் கடிதம் அனுப்பலாம். இருநூறு ஆண்டுகளுக்கு மேலான வழக்கம் அது. இன்ன மசோதா வந்தது, நான் இப்படி வாக்களித்தேன் என்று அச்சிட்டு வீட்டுக்கு வீடு அனுப்புகிறார்கள். தேர்தல் நெருங்கும் நாட்களில் அப்படி மொத்தமாக அனுப்பத் தடையும் உண்டு. செய்தி என்ற பெயரில் பிரசாரம் ஆகிவிடக் கூடாதல்லவா! இங்கிலாந்தில் உறுப்பினர்கள் வார இறுதியில் தொகுதியில் ஓரிடத்தில் அமர்ந்து, வருகிறவரை ஒவ்வொருவராகப் பார்க்கிறார்கள். வைத்தியர் நோயாளியைப் பார்ப்பது போல் என்பதால் அதற்குப் பெயரே வைத்தியசாலைப் பெயர்தான்.

நம் நாட்டிலும் வாசல் மூடியில்லை. 2022 ஜனவரி 6 அன்று தமிழகப் பேரவையின் கேள்வி நேரம் முதன்முறையாக நேரடியாக ஒளிபரப்பானது. மசோதாக்கள் அரசிதழில் வெளியாகின்றன. நம் ஊரில் உறுப்பினர்கள் திருமணத்திற்கு வருகிறார்கள், காதணி விழாவிற்கு வருகிறார்கள், துக்கத்திற்கும் வருகிறார்கள். அது நம் பண்பாடு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மொய் எழுதும் இடத்தில் மசோதா பற்றிக் கேட்க முடியுமா? அதற்கென்று ஓரிடமும் ஒரு நாளும் வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

தொகுதி உறுப்பினராக யார் இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், வணிகர்கள் சார்பில் நாம் கேட்க வேண்டியவை நான்கே.

ஒன்று: ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும், வணிகத்தைத் தொடும் சட்டம், திருத்தம், அறிவிப்பு இவற்றை ஒரே பக்கத்தில் எளிய தமிழில் தர வேண்டும். எந்தத் தேதி முதல் அமல், யாருக்குப் பொருந்தும், கடைசி நாள் எது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.

இரண்டு: தொகுதி நிதியில் எடுத்த வேலை, மதிப்பீடு, முடியும் நாள் ஆகியவற்றைத் தொகுதி அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

மூன்று: தாம் பேரவையில் தொகுதிக்காகக் கேட்ட கேள்வியையும், அமைச்சர் தந்த பதிலையும் அப்படியே அறிவிக்க வேண்டும். பதில் "இல்லை" என்றாலும் பரவாயில்லை. "இல்லை" என்று தெரிந்தால் வேறு வழி பார்ப்போம். ஒன்றும் தெரியாமல் காத்திருப்பதுதான் வியாபாரிக்குப் பெரும் நஷ்டம்.

நான்கு: ஆண்டுக்கு இரு முறையாவது எடப்பாடியிலும், பூலாம்பட்டி, கொங்கணாபுரம் போன்ற ஊர்களிலும் வணிகர்களோடு அமர்ந்து பேச வேண்டும். மேடை, மாலை, சால்வை எதுவும் வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

கேட்பது மட்டும் போதாது. ஒரு கை தட்டினால் ஓசை வராது. நம் பங்கு என்ன?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ், 10 ரூபாய் கட்டணத்தில் தொகுதி நிதிச் செலவு விவரத்தைக் கேட்டுப் பெறலாம். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும்.

பேரவையின் மனுக்கள் குழு மாவட்டந்தோறும் வருகிறது. வருமுன் மாவட்ட நிர்வாகம் செய்தி வெளியிட்டு மனுக்களை வரவேற்கும். அம்மனுவுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. தமிழில் ஐந்து நகல்கள் தர வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். தனி நபர் குறை, நீதிமன்றத்தில் உள்ள வழக்கு, வேலை, கடன், பட்டா வேண்டுதல் ஆகியவற்றை ஏற்பதில்லை. நம்மவர்கள் ஒரே தாளில் சாக்கடை, தெருவிளக்கு, மின்தடை, பேருந்து எல்லாவற்றையும் கலவைச் சாதம் போல் எழுதிக் கொடுத்துவிட்டு, "பதிலே இல்லை" என்று வருத்தப்படுகிறோம். அடுத்த முறை சாக்கடைக்கு ஒரு மனு, விளக்குக்கு ஒரு மனு என்று பிரித்து எழுதுவோம். பேரவையில் தந்த வாக்குறுதி நிறைவேறியதா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு என்றும் ஒன்று இருக்கிறது. அமைச்சர் அவையில் "செய்யப்படும்" என்றால் அது காற்றில் போகும் சொல் அல்ல.

சங்கத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். கடைவீதிக்கு ஒருவர் வீதம், படித்த இளைஞரைப் பொறுப்பாக்குவோம். கூட்டத்தொடர் நாட்களில் செய்தியைக் கவனித்து, நமக்கு வேண்டியதைக் குறித்து, சங்கப் பலகையில் எழுதுவது அவர் வேலை. மாதக் கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பதற்கு முன் அந்தக் குறிப்பை வாசிப்போம். பத்து நிமிடம் போதும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கைப்பேசியில் வரும் எல்லாமே செய்தி அல்ல. "நாளை முதல் கடைகளுக்கு இன்ன வரி" என்று யாரோ எழுதியதை நம்பிப் பதறுவதும், பிறருக்கு அனுப்புவதும் வேண்டாம். அரசிதழில் வந்ததா, அரசாணை எண் உண்டா என்று கேளுங்கள். சரக்கு வாங்கும்போது பில் கேட்கிறோம் அல்லவா? செய்திக்கும் அதேபோல் பில் கேட்போம்.

வளையலை மீட்டு வந்த அந்த மளிகைக் கடை நண்பர் இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? பேரவை கூடுகிற நாட்களில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறார். பத்திரிகையில் பார்த்தது, பிறர் சொன்னது, புரியாதது எல்லாம் அதில் ஏறுகிறது. மாதக் கூட்டத்திற்கு அந்த நோட்டோடு வந்து விடுகிறார். முதல் வரிசையில் அமர்ந்து, "இது நமக்குப் பொருந்துமா, பொருந்தாதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பதில் தெரியாதபோது நாங்கள்தான் தலையைச் சொறிகிறோம்.

அப்படி ஒரு நோட்டு ஒவ்வொரு கடையிலும் இருக்கட்டும். அதில் எழுதியதற்கெல்லாம் பதில் சொல்லும் உறுப்பினரைக் கேட்டுப் பெறுவோம். ஓட்டுக் கேட்டு நம் கடை வாசலுக்கு வந்தவர், சட்டத்தைச் சொல்லவும் அதே வாசலுக்கு வரட்டும்.